பிள்ளைக்குப் பல் கிளிப்: செலவை முழுதாகக் கணக்கிட்டு முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

பல் கிளிப் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டால் வரவேற்பு மேசையில் ஒரு தொகை சொல்வார்கள். அதில் எக்ஸ்ரே சேர்ந்திருக்கிறதா, பல் பிடுங்க வேண்டி வந்தால் அந்தக் கட்டணம் யாருடையது, கிளிப்பைக் கழற்றிய பிறகு பற்கள் நகராமல் இருக்கப் போட வேண்டிய ரிட்டெய்னர் அடக்கமா என்பதெல்லாம் கேட்டால்தான் தெரியும். கேட்பவர்கள் குறைவு. பெற்றோர் பெரும்பாலும் மண்டையை உடைத்துக்கொள்வது உலோகக் கிளிப்பா, செராமிக்கா, கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற தட்டான அலைனரா என்பதில்தான்.

என் பார்வையில் பணம் அதிகம் வீணாவது அங்கே அல்ல. தேவையில்லாத வயதில் தொடங்குவதில் ஒரு பகுதி போகிறது. எல்லாம் முடிந்த பிறகு ரிட்டெய்னரைக் கைவிடுவதில் இன்னொரு பகுதி போகிறது. எனவே விலையைப் பிறகு பார்ப்போம், முதலில் தேவை.

படி 1: 7 வயதில் ஒருமுறை காட்டுங்கள். காட்டுவது வேறு, தொடங்குவது வேறு

அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் 7 வயதுக்குள் முதல் பரிசோதனையைச் செய்துவிடச் சொல்கிறது. அந்த வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்களும் முன்பற்கள் சிலவும் முளைத்திருக்கும். மேல் தாடையும் கீழ்த் தாடையும் எப்படிப் பொருந்துகின்றன, வரவிருக்கும் பற்களுக்கு இடம் இருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிட முடியும். இந்தப் பரிசோதனைக்குப் போய்வந்தாலே கிளிப் போட்டாக வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். "இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், அடுத்த வருடம் பார்ப்போம்" என்பதும் முழுமையான மருத்துவ ஆலோசனைதான். சொல்லப்போனால், அப்படிச் சொல்லும் மருத்துவரை நான் கூடுதலாக நம்புவேன்.

ஏழிலிருந்து பதினொரு வயது வரை பிள்ளைகளின் முன்பற்கள் பார்க்கக் கோணலாகவே இருக்கும். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். பக்கத்துப் பற்கள் விசிறி போல் வெளிப்பக்கம் சாயும். மேல் கோரைப்பற்கள் இறங்கி வருகையில், அதாவது 11, 12 வயதில், சிறிய சந்துகள் பல நேரம் தாமாகவே மூடிக்கொள்ளும். புகைப்படத்தில் நன்றாக இல்லையே என்று இந்தக் காலத்தில் செலவைத் தொடங்குவது பெரும்பாலும் அவசரப்பட்டுச் செய்யும் வேலை.

ஆனால் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. அவை:

- மேல் முன்பல் கீழ்ப் பல்லுக்கு உட்பக்கமாகக் கடித்து, கீழ் ஈறு இறங்கிப்போவது.
- பக்கப் பற்கள் குறுக்காகக் கடிப்பதால், வாயை மூடும்போது கீழ்த் தாடை ஒரு பக்கம் நகர்வது.
- கீழ்த் தாடை முன்னே நிற்பது. முகத்தில் மாட்டும் இழுவைக் கருவி 10 வயதுக்கு முன்பே நன்றாக வேலை செய்யும். வளர்ச்சி முடிந்துவிட்டால் தாடை அறுவை சிகிச்சை வரை போகக்கூடும்.
- நிரந்தர முன்பற்கள் வரும் வயதிலும் விடாத விரல் சூப்பும் பழக்கம்.
- 10 வயதாகியும் மேல் கோரைப்பல்லின் மேடு ஈறில் கைக்குத் தட்டுப்படாதது.

கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த நிரந்தரக் கோரைப்பல் அண்ணத்தின் பக்கம் திசைமாறிப் போயிருந்தால், 10 முதல் 13 வயதுக்குள் அது இறங்கும் வழியில் நிற்கும் பால் கோரைப்பல்லைப் பிடுங்கினாலே பல பிள்ளைகளுக்கு அது தானாகவே சரியான பாதைக்குத் திரும்புகிறது. தவறவிட்டால் ஈறைத் திறந்து, பல்லில் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒரு பால் பல் பிடுங்கும் செலவு எங்கே, அது எங்கே.

பால் கடைவாய்ப் பல் சொத்தையால் காலத்துக்கு முன்பே போய்விட்டால் அந்த இடத்தைக் காக்கும் சிறு வளையம் வேண்டுமா என்றும் கேளுங்கள். பக்கத்துப் பல் சரிந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு வழியிருக்காது. பால் பல்தானே, விழத்தானே போகிறது என்று சொத்தையை விட்டுவிடும் குடும்பங்கள் பிற்காலத்துக் கிளிப்புக்கு அப்போதே கடன் வாங்குகின்றன என்றுதான் சொல்ல வேண்டும்.

படி 2: "இரண்டு கட்டச் சிகிச்சை" என்று சொன்னால் நின்று கேளுங்கள்

8 வயதில் ஒரு கருவி, பிறகு 12, 13 வயதில் முழுக் கிளிப். இதுதான் இரண்டு கட்டம். இரண்டு கட்டம் என்றால் அநேகமாக இரண்டு கட்டணம். மேலே பட்டியலிட்ட சிக்கல்களுக்கு இது நியாயமானது. மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டிருப்பதற்காக மட்டும் என்றால் ஆய்வுகள் சொல்வதைத் தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இதுபற்றிய பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. சீக்கிரம் தொடங்கி இரண்டு கட்டமாகச் செய்தவர்களுக்கும், பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் செய்தவர்களுக்கும் முடிவில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் மாறியது: சீக்கிரம் செய்தவர்களுக்கு விழுந்து அடிபட்டு முன்பல் உடைவது குறைந்தது.

உங்கள் பிள்ளை ஓடியாடி அடிக்கடி விழுபவராக இருந்து, பல்லும் நிறையத் துருத்தியிருந்தால் அந்த ஒரு நன்மையே போதுமான காரணமாக இருக்கலாம். பள்ளியில் கேலி செய்கிறார்கள், பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறது என்றால் அதுவும் காரணம்தான்; அதை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. இரண்டும் இல்லையென்றால் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இப்போது செய்யாமல் 12 வயதில் ஒரேயடியாகச் செய்தால் என்ன இழப்போம்? முதல் கட்டம் முடிந்த பிறகு இரண்டாவது கட்டம் வேண்டியிருக்காது என்று சொல்ல முடியுமா?" குறிப்பிட்ட பதில் வந்தால் நல்லது. "சீக்கிரம் செய்தால் எப்போதும் நல்லதுதானே" என்று பொதுவாகச் சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

படி 3: தேவையா, விருப்பமா என்று அளந்து பாருங்கள்

பல் கோணலாக இருப்பதெல்லாம் நோய் அல்ல. பிரிட்டனில் 1989-இல் வெளியான ஐஓடிஎன் என்ற அளவுகோல் சிகிச்சைத் தேவையை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. 1, 2 என்றால் தேவை மிகக் குறைவு அல்லது இல்லை. 3 எல்லைக்கோடு. 4, 5 என்றால் சிகிச்சை தேவை. மேல் முன்பல் கீழ்ப் பல்லிலிருந்து 6 மி.மீ.க்கு மேல் முன்னே நின்றால் நிலை 4, 9 மி.மீ.க்கு மேல் என்றால் நிலை 5. பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம் 4 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் நிலை 4. எலும்புக்குள் சிக்கி வெளிவர முடியாத பல்லும் உதட்டுப்பிளவும் 5-இல் வரும். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 18 வயதுக்குட்பட்டவர்களில் யாருக்கு இலவசமாகச் செய்வது என்பதை இந்த அளவுகோலை வைத்தே முடிவு செய்கிறது: 4, 5 நிலைகளில் இருப்பவர்களுக்கும், நிலை 3-இல் தோற்றப் பாதிப்பு அதிகமாக இருப்பவர்களுக்கும்.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் "இந்த அளவுகோலில் என் பிள்ளை எந்த நிலை?" என்று கேட்கலாம். நிபுணருக்கு இது தெரிந்த விஷயம். சில நிமிடங்களில் அளந்து சொல்லிவிடுவார். நிலை 2 என்று வந்தால் கிளிப் போடவே கூடாது என்பதில்லை. அது அழகுக்கான செலவு என்று தெரிந்தே செய்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்காகக் கடன் வாங்குவதா, இரண்டு வருடம் சேமித்துவிட்டுச் செய்வதா என்ற முடிவு அப்போது எளிதாகிவிடும். கிளிப்புக்கு வயது தாண்டிவிடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. தாடை வளர்ச்சியைப் பயன்படுத்தும் சிகிச்சைகளுக்குத்தான் வயது முக்கியம். பற்களை வரிசைப்படுத்துவதை ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் வளர்ந்த பிறகும் செய்யலாம்.

இன்னொரு செலவையும் இங்கேயே தவிர்க்கலாம். ஞானப்பல் முளைத்து முன்பற்களை நெருக்கிவிடும், அதனால் அவற்றை முன்கூட்டியே பிடுங்க வேண்டும் என்று சொல்வதுண்டு. முன்பற்கள் நெருங்குவதைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லை எடுப்பதற்கு ஆய்வு ஆதரவு இல்லை. சொத்தை, சீழ், அடிக்கடி வீக்கம் என்று இருந்தால் அது தனிக் கதை.

படி 4: சொத்தையை முதலில் அடைத்துவிடுங்கள்

கிளிப் போட்ட பிறகு, கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டான பிராக்கெட்டைச் சுற்றி உணவு தேங்கும். சரியாகத் துலக்காவிட்டால் நான்கு வாரங்களுக்குள்கூட வெள்ளைத் திட்டுகள் தோன்றலாம். அவை சொத்தையின் முதல் படி. ஏற்கெனவே சொத்தையும் ஈறில் ரத்தக்கசிவும் உள்ள வாயில் கிளிப் போட்டால், நேரான பல்லும் கறை படிந்த எனாமலும் சேர்ந்து கிடைக்கும். நல்ல மருத்துவர் இந்த நிலையில் தொடங்க மறுப்பார். ஆறு மாதம் ஒழுங்காகத் துலக்கிக் காட்டட்டும், பிறகு பார்ப்போம் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். அந்த ஆறு மாதத்தில் சேமிக்கவும் செய்யலாம்.

படி 5: இரண்டு இடங்களில் கேளுங்கள், பதிவுகளைக் கையோடு வைத்திருங்கள்

பல் மருத்துவர் எல்லாரும் பல் சீரமைப்பு நிபுணர் அல்ல. பல் மருத்துவப் படிப்பு முடித்த பின் இதற்கென்றே இரண்டு மூன்று ஆண்டுகள் மேற்படிப்பு படித்தவர்தான் நிபுணர். எளிய சிகிச்சையைப் பொதுப் பல் மருத்துவரும் செய்யலாம். தாடைச் சிக்கல், உள்ளே சிக்கிய பல், பல் பிடுங்கிச் செய்யும் சிகிச்சை என்றால் நிபுணர்தான் வேண்டும். சில இடங்களில் நிபுணர் மாதம் ஒரு நாள் மட்டும் வந்துபோவார். அப்படியானால் இடையில் கம்பி குத்தினால் யார் பார்ப்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் இடத்தில் எடுத்த முழு வாய் எக்ஸ்ரே, பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, ஸ்கேன், புகைப்படங்கள் எல்லாவற்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரே அண்மையில் எடுத்தது, தெளிவாக இருக்கிறது என்றால் இரண்டாம் மருத்துவர் அதை வைத்தே பெரும்பாலும் கருத்துச் சொல்லிவிடுவார். காசும் மிச்சம், பிள்ளைக்குத் தேவையற்ற கதிர்வீச்சும் இல்லை.

இரு மருத்துவர்களும் வெவ்வேறு திட்டம் சொன்னால் குழம்ப வேண்டாம். பல் பிடுங்குவதா வேண்டாமா என்பதில் நிபுணர்களிடையே உண்மையாகவே கருத்து வேறுபாடு உண்டு. விலையை மட்டும் ஒப்பிடாமல், "நீங்கள் சொல்லும் திட்டத்தில் பற்களுக்கு இடம் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று இருவரிடமும் கேளுங்கள். யார் தெளிவாக விளக்குகிறார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

படி 6: மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்

எல்லாவற்றிலும் இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. ஒரு தாளில் கீழ்க்கண்டவை ஒவ்வொன்றுக்கும் "அடக்கம்" அல்லது "தனி" என்று எழுதி வாங்குங்கள்: எக்ஸ்ரே, ஸ்கேன், பல் பிடுங்குதல், பற்களுக்கு நடுவே வைக்கும் சிறு திருகாணி தேவைப்பட்டால் அது, கழன்ற பிராக்கெட்டை ஒட்டுவது (எத்தனை முறை வரை), அவசர வருகை, கிளிப்பைக் கழற்றும் கட்டணம், மேலுக்கும் கீழுக்கும் முதல் ரிட்டெய்னர், ரிட்டெய்னர் போட்ட பின் வரும் பரிசோதனைகள்.

பிறகு நேரம் பற்றிய இரண்டு கேள்விகள். சொன்ன காலத்தைவிடச் சிகிச்சை நீண்டால் கூடுதல் மாதக் கட்டணம் உண்டா? பிள்ளையின் அலட்சியத்தால் நீண்டால் அது மாறுமா?

ஓர் உதாரணம். முதல் மருத்துவமனை 100 என்கிறது, எல்லாம் அடக்கம். இரண்டாவது 80 என்கிறது. அதற்குள் எக்ஸ்ரே இல்லை, அது 5. இரண்டு ரிட்டெய்னர் தனி, 12. நான்கு முறை பிராக்கெட் கழன்றால் மொத்தம் 6. இப்போது 80 என்பது 103 ஆகிவிட்டது. எண்கள் கற்பனை, கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

தாளில் வராத செலவு இன்னொன்று இருக்கிறது. முழுக் கிளிப் சிகிச்சைகளை ஆராய்ந்த தொகுப்பு ஆய்வு ஒன்றின்படி சிகிச்சை சராசரியாக 20 மாதங்களை ஒட்டி நடக்கிறது. வருகைகள் ஏறத்தாழ 18. ஒவ்வொரு வருகைக்கும் பெற்றோரில் ஒருவர் அரை நாள் விடுப்பு எடுத்தால் ஒன்பது நாள் சம்பளம். தினக்கூலி வாங்கும் வீட்டில் இது சிறு தொகை அல்ல. கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் வீட்டுக்கோ பள்ளிக்கோ பக்கத்தில், மாலையிலோ வார இறுதியிலோ பார்க்கும் மருத்துவமனை முடிவில் மலிவாக இருக்கலாம். இரண்டு வருகைகளுக்கு இடையே எத்தனை வாரம் விடுவார்கள் என்றும் கேளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வதற்கும் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வதற்கும் பயணச் செலவில் இரு மடங்கு வித்தியாசம்.

படி 7: எந்தக் கிளிப்?

சாதாரண உலோகக் கிளிப் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். விலை குறைவு, உறுதி அதிகம், எந்தச் சிக்கலுக்கும் பயன்படும். செராமிக் கிளிப் வெளிப்பார்வைக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் உடையும் தன்மை உள்ளது, எதிர்ப் பல் அதன்மேல் கடித்தால் அந்தப் பல்லின் எனாமல் தேயவும் கூடும். பல்லின் உட்பக்கம் ஒட்டும் கிளிப் விலையில் எட்டாத உயரம். துலக்குவதும் பேசிப் பழகுவதும் சிரமம்.

ரப்பர் வளையம் இல்லாமல் கம்பியைத் தானே பூட்டிக்கொள்ளும் பிராக்கெட்டுகளை "சீக்கிரம் முடியும், வலி குறைவு" என்று சொல்லிக் கூடுதல் விலைக்குத் தருவார்கள். ஒப்பீட்டு ஆய்வுகளில் சிகிச்சைக் காலம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை. மருத்துவருக்கு அது கைக்குப் பழகியது என்றால் போடட்டும்; வேகத்துக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

அலைனர் பற்றிய கேள்வி தொழில்நுட்பத்தைப் பற்றியதல்ல, பிள்ளையைப் பற்றியது. அதை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்றி, துலக்கி, மறக்காமல் மாட்ட வேண்டும். தண்ணீர் பாட்டிலையே வாரம் ஒன்று தொலைக்கும் பிள்ளை என்றால் பதில் உங்களுக்கே தெரியும். பொறுப்பான பிள்ளைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். பிராக்கெட் கழல்வதும் கம்பி குத்துவதும் இல்லாததால் அவசர வருகைகள் குறையும். தொலைந்தால் அடுத்த தட்டுக்கு என்ன கட்டணம், நடுவில் திட்டத்தை மாற்றி மறுபடி தட்டுகள் செய்ய வேண்டி வந்தால் எத்தனை முறை இலவசம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நேரில் மருத்துவரைப் பார்க்காமல் அஞ்சலில் வரும் அலைனர்களைப் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள். எக்ஸ்ரே பார்க்காமல் பல்லை நகர்த்துவது ஆபத்து. உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அந்த வியாபாரத்தில் பெரிய பெயரான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து, அதே டிசம்பரில் கடையை மூடியது. வாழ்நாள் உத்தரவாதம் நிறுவனத்தோடே போனது. தவணையில் வாங்கியவர்களோ மீதித் தவணையைக் கட்ட வேண்டியவர்களாகவே இருந்தார்கள். முன்பற்களைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டி இடைவெளியை மூடச் சொல்லும் வீடியோக்களையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அந்த வளையம் ஈறுக்குள் நழுவி வேர் வழியே மேலேறி எலும்பை அழித்துவிடக்கூடும். நல்ல பற்களையே பிடுங்க வேண்டி வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

படி 8: பணம் எங்கிருந்து, எந்த முறையில்

முன்பணமும் மாதத் தவணையும் என்பதுதான் வழக்கமான முறை. தவணையைப் பெருக்கிப் பாருங்கள். 100 என்று சொன்ன சிகிச்சைக்கு முன்பணம் 25, பிறகு மாதம் 4 வீதம் 24 மாதம் என்றால் மொத்தம் 121. மருத்துவமனையே வட்டியில்லாமல் தவணை தந்தால் அதை எடுங்கள். வெளி நிதி நிறுவனம் மூலம் என்றால் கடன் உங்கள் பெயரில் ஏறுகிறது. சிகிச்சை நின்றாலும் கடன் நிற்காது. முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்டினால் தள்ளுபடி கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மருத்துவமனை மூடிவிட்டால் திரும்பி வராத பணம் அது என்பதையும் நினைவில் வையுங்கள். என்னைக் கேட்டால், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் நடந்த வேலைக்கு ஏற்பக் கட்டுவதே நிம்மதி.

இன்சூரன்ஸ் இருந்தால் ஆவணத்தில் நான்கு இடங்களைப் படியுங்கள். பல் சீரமைப்புக்கு வாழ்நாள் உச்சவரம்பு எவ்வளவு. பாலிசி எடுத்து எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும். எந்த வயது வரை. ஏற்கெனவே தொடங்கிய சிகிச்சைக்குக் கொடுப்பார்களா. கடைசியில் சொன்னதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்: கிளிப்பைப் போட்டுவிட்டுப் பாலிசி எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. தொடங்கும் முன்பே மதிப்பீட்டை அனுப்பி எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸ் பணம் ஒரேயடியாக வராமல் சிகிச்சை நடக்க நடக்கப் பிரித்து வருவதும் உண்டு. நடுவில் வேலை மாறி பாலிசி போனால் மீதி வராது.

தனியார் கட்டணம் எட்டாது என்றால் இரண்டு கதவுகளைத் தட்டுங்கள். ஒன்று, அரசு மருத்துவச் சேவை. பல நாடுகளில் தேவை கடுமையாக உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகவோ பகுதிக் கட்டணத்திலோ செய்கிறார்கள். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும் என்பதால் 9, 10 வயதிலேயே கேட்டுப் பதிந்து வைப்பது நல்லது. உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு உள்ள பிள்ளைகளுக்குத் தனி உதவித் திட்டங்கள் இருக்கின்றன. இரண்டு, பல் மருத்துவக் கல்லூரி. மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வார்கள். ஒவ்வொரு வருகையும் நேரம் எடுக்கும். நடுவில் மாணவர் படிப்பு முடித்துப் போய்விட்டால் வேறொருவர் கைக்கு மாறும். பொறுமை இருந்தால் தரத்தில் குறை வராது. ஒவ்வொரு கம்பியையும் இரண்டு பேர் பார்க்கிறார்களே.

படி 9: போட்டிருக்கும் காலத்தில் செலவைக் கட்டுப்படுத்துவது

ஒரு பிராக்கெட் கழன்றால் ஒட்டும் கட்டணம் மட்டும் செலவல்ல. அந்தப் பல் அதுவரை நகர்ந்த தூரத்தில் கொஞ்சம் பின்வாங்கும், சிகிச்சை தள்ளிப்போகும். ஐஸ் கட்டியைக் கடிப்பது, பேனா முனையை மெல்லுவது, ஒட்டும் மிட்டாய் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஃப்ளோரைடு பற்பசை, பிராக்கெட்டுக்கு அடியில் நுழையும் சிறு தூரிகை, கம்பி குத்தினால் ஒட்ட மெழுகு ஆகியவற்றை மருந்துக்கடையில் குறைந்த விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் பாதி அவசர வருகை வேண்டியிருக்காது. மோதி விளையாடும் விளையாட்டு என்றால் கிளிப்போடு அணியக்கூடிய பல் காப்பு வாங்குங்கள்.

மேலுக்கும் கீழுக்கும் மாட்டச் சொன்ன சிறு ரப்பர் வளையங்களைப் பிள்ளை மாட்டுகிறதா என்று பாருங்கள். இவற்றை மாட்டாததால் சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வது சர்வசாதாரணம். ஆனால் திட்டி ஆகாது. முதல் சில நாள் வலிக்கும். அப்போது நீங்கள் மாட்டி விட்டால் பிறகு பிள்ளை தானே மாட்டிக்கொள்ளும்.

படி 10: நடுவில் ஊர் மாறினால், பணம் முடைப்பட்டால்

இடமாற்றம் வரும் வாய்ப்புள்ள வேலை என்றால் தொடங்கும் முன்பே அதைச் சொல்லுங்கள். நடந்த வேலைக்கு மட்டும் கணக்குப் பார்த்து மீதியைத் திருப்பித் தருவார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மாறும்போது ஆரம்பப் பதிவுகள், போட்டிருக்கும் பிராக்கெட்டின் வகை, இதுவரை நடந்தவை, கட்டிய தொகை எல்லாம் அடங்கிய கடிதம் வாங்குங்கள். புதிய மருத்துவர் சில நேரம் பழைய கிளிப்பை எடுத்துவிட்டுத் தன் கிளிப்பைப் போடுவார். அதற்கும் பணம் ஒதுக்குங்கள். இடமாற்றம் ஆறேழு மாதத்தில் உறுதி என்றால், புது ஊரில் தொடங்குவதே சரி.

வேலை போய்விட்டது, தவணை கட்ட முடியவில்லை என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். யாரும் பார்க்காத கிளிப் வாயில் இருக்கக் கூடாது. கம்பி பற்களை இழுத்துக்கொண்டே இருக்கும். பிராக்கெட்டைச் சுற்றிச் சொத்தை வரும். நேரில் போய் மூன்று வழிகளைக் கேளுங்கள்: தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டுவது, இழுக்காத கம்பி போட்டுச் சிகிச்சையைச் சில மாதம் நிறுத்தி வைப்பது, எட்டிய அளவோடு முடித்துக் கழற்றி ரிட்டெய்னர் கொடுப்பது. மூன்றாவதும் தோல்வி அல்ல. முன்பற்கள் வரிசைக்கு வந்திருந்து, கடைவாய்க் கடி மட்டும் சற்றுக் குறையோடு நிற்பது பல பிள்ளைகளுக்குப் பெரிய இடைஞ்சல் தராது.

படி 11: ரிட்டெய்னருக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள்

கிளிப்பைக் கழற்றிய நாளில் குடும்பமே செலவு முடிந்தது என்று மூச்சுவிடும். பல்லைச் சுற்றியுள்ள நார்களோ அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அது தவிர வயது ஏற ஏறப் பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது கிளிப் போடாதவர்களுக்கும் நடப்பதுதான். அதனால் ரிட்டெய்னரை எத்தனை மாதம் போடுவது என்று கேட்டால், முதலில் மருத்துவர் சொல்லும் மணிநேரப்படி, பிறகு பற்கள் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் வரை இரவில் என்பதே நேர்மையான பதில். சிகிச்சையை மறுபடி செய்யும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ரிட்டெய்னர் மலிவு.

கண்ணாடி போன்ற தட்டு ரிட்டெய்னர் சில ஆண்டுகளில் தேய்ந்து விரியும். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைத்தால் குப்பைத் தொட்டிக்குப் போகும். வெளியே வைத்தால் வீட்டு நாய் மெல்லும். இந்த இரண்டு விபத்துகளையும் கேட்டுக் கேட்டு மருத்துவர்களுக்கே அலுத்திருக்கும். பல்லின் பின்னால் ஒட்டும் கம்பி ரிட்டெய்னர் தொலையாது. ஆனால் ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனால் பிள்ளைக்குத் தெரியாது, அந்தப் பல் மட்டும் மெல்ல நகர்ந்துவிடும். சரிபார்க்கும் பழக்கம் வேண்டும்: வாரம் ஒருமுறை விரல் நகத்தால் ஒவ்வொரு பல்லிலும் கம்பி அசைகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளிப்பைக் கழற்றும் நாளில் எடுக்கும் கடைசி ஸ்கேனின் கோப்பைக் கேட்டு வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு தொலைந்தால் அந்தக் கோப்பை வைத்து வேறு மருத்துவமனையிலும் புதியது செய்ய முடியும். அதுவரை பற்கள் நகர்ந்துவிடாமல் இருக்க, முதல் தட்டு செய்யும்போதே அதே அச்சில் கூடுதலாக ஒரு தட்டும் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் பின்னால் செய்வதைவிட அப்போது விலை குறைவாகவே இருக்கும்.